வளர்ச்சியாம், குடும்பமாம்!

மூன்று மாதத்துக்கு முன் கொடைக்கானலில் ஒரு விடுதியின் பின்கட்டில் நமக்கு வேலை இருந்தது. சமையற்கட்டுத் தொழிலாளர் சிலருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அதைக் கேட்கப் போயிருந்தோம். மானேஜர் வருகிறார், வருகிறார் என்று காக்க வைத்தார்கள். முன்கட்டு மண்டபத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்று தன் சிப்பந்திகளை இரண்டு பஸ்ஸில் ஏற்றி உல்லாசப் பயணம் கூட்டி வந்திருந்தது. பலூன் உடைப்பது, கயிறு இழுப்பது எல்லாம் முடிந்து பிரசங்கம் நடந்தது. சாரம் இதுதான்: "நாம் எல்லோரும் ஒரே குடும்பம். இங்கே யாரும் வளரலாம். எவ்வளவு வளர்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் தலை நிமிராமலே கேட்டார்: "குடும்பம்னா சரி. பாகம் பிரிக்கிறப்ப இந்தப் புள்ளைகளுக்கும் பங்கு உண்டாமா?"

இதைவிடச் சுருக்கமாக நம்மால் எழுத முடியாது. ஆனாலும் விஷயம் பெரியது. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

அன்று சாயங்காலம் மூஞ்சிக்கல் டீக்கடையில் அந்தக் கூட்டத்துப் பையன் ஒருவன் நம்மை அடையாளம் கண்டுகொண்டு வந்தான். வேடசந்தூர்ப் பக்கத்து மில் தொழிலாளியின் மகன். சிறு வயதில் தகப்பனார் தோளில் உட்கார்ந்து மே தின ஊர்வலத்துக்கு வந்தவன்.

"அண்ணே, நான் டேட்டா அனலிட்டிக்ஸ்ல இருக்கேன்."

"அப்படின்னா என்ன தம்பி?"

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நமக்கு வெட்கமில்லை. தம்பி பொறுமையாகச் சொன்னான். மதுரையில் இருக்கும் ஒருவர் கொடைக்கானலில் அறை எடுக்க நினைத்துச் செல்போனில் விடுதியின் பக்கத்தைத் திறக்கிறார். எந்தப் படத்தை எத்தனை விநாடி பார்த்தார், எந்த வாடகையைக் கண்டு பின்வாங்கினார், மறுநாள் திரும்ப வந்தாரா, எல்லாம் கணக்கில் விழுகிறது. இப்படி லட்சக்கணக்கான பேருடைய கணக்கைக் குவித்துச் சலித்து, எந்த நாளில் எந்த விலை வைத்தால் விற்கும் என்று முதலாளிக்கு எடுத்துச் சொல்லுவது தம்பியின் உத்தியோகம். நம் பாஷையில் கணக்குப்பிள்ளை வேலை. பழைய கணக்குப்பிள்ளை மூட்டையை எண்ணினார். இவன் மனிதருடைய ஆசையை எண்ணுகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

படித்த பிள்ளை, குளிர்பதன அறை, நாற்காலி. சரி, அந்தப் பிரசங்கி சொன்ன வளர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்போம்.

இந்தத் தொழிலில் உலகெங்கும் புழங்கும் கருவி கூகுள் அனலிட்டிக்ஸ். 2005-ல் அர்ச்சின் என்ற கம்பெனியை வாங்கிய கூகுள், அந்த வருஷமே இதை இனாமாகத் திறந்துவிட்டது. பன்னாட்டு ஏகபோகக் கம்பெனி இனாமாகக் கொடுக்கிறது என்றால் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் உலகத்துக் கடைகளெல்லாம் அந்தக் கருவியில் கட்டப்பட்டன. லட்சோபலட்சம் இளைஞர்கள் இராத்திரி கண் விழித்து அதைக் கற்றார்கள். 2023 ஜூலை 1-ந் தேதி பழைய கருவியில் புதுக் கணக்கு விழுவதைக் கூகுள் நிறுத்திவிட்டது. இனிமேல் புதுக் கருவிதான், அதன் கணக்கு முறையே வேறு என்று அறிவித்தது. கற்றவனை யாரும் கேட்கவில்லை. வருஷக்கணக்கில் கைவந்த வேலை ஒரு காலக்கெடுவில் பழங்கதை ஆயிற்று. திரும்பப் படி! பரீட்சை எழுது! பாஸ் செய்தால் கூகுள் ஒரு சான்றிதழ் தரும். அது 12 மாதம் செல்லும். அதற்குப் பிறகு மீண்டும் பரீட்சை.

மில் தோழர்களே, நீங்கள் சொல்லுங்கள். சங்கம் உள்ள பஞ்சாலையில் புது ரிங் பிரேம் இறக்கினால் அதை ஓட்டக் கற்றுக்கொடுப்பது யார் பொறுப்பு? நிர்வாகத்தின் பொறுப்பு. கற்றுக்கொள்ளும் நேரத்துக்கும் கூலி உண்டு. ஒரு ஆளுக்கு எத்தனை கதிர் என்று வேலைப்பளு பேசாமல் மெஷினை ஓட்டினால் நாம் சும்மா இருப்போமா? சைடருடைய கைவேலைக்கு வருஷா வருஷம் காலாவதித் தேதி குத்தினால் ஏற்போமா? இங்கே மெஷினை மாற்றுகிறவன் அமெரிக்காவில் இருக்கிறான். அதன் லாபம் சென்னை முதலாளிக்கு. கற்கும் செலவும் கெட்டுப்போகும் தூக்கமும் வேடசந்தூர்த் தொழிலாளி மகனுக்கு. இதற்குத்தான் வளர்ச்சி என்று பெயர் வைத்து, "உன் கையில் இருக்கிறது" என்று வேறு சொல்லுகிறார்கள். இருக்கிறதுதான், கடன் சீட்டு அவன் கையில் இருப்பது மாதிரி.

வளர்ந்தவன் கதியாவது நன்றாக இருக்கிறதா? 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தன் ஆட்களில் நூற்றுக்கு 2 பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, வெளியே அனுப்பப் போவதாக அறிவித்தது. யாரை? பெரும்பாலும் நடுத்தர, மேல் பதவிகளில் இருப்பவர்களை என்று அதுவே சொன்னது. ஏணியில் ஏறச் சொன்னவனே, ஏறியவன் எடை அதிகம் என்று ஏணியை உருவுகிறான். நஷ்டமா? இல்லை, லாபம் ஈட்டும் கம்பெனி. எதிர்காலத்துக்குத் தயாராகிறோம் என்றார்கள். எதிர்காலம் அவர்களுக்கு, வீட்டுக் கடன் தவணை இவர்களுக்கு.

அடுத்தது அந்தச் 'சமூகம்' என்கிற விஷயம். இந்தத் தொழிலாருக்கென்று மாநாடுகள், சாயங்காலச் சந்திப்புகள் பெங்களூரிலும் சென்னையிலும் நடப்பதாகத் தம்பி சொன்னான். கருவி விற்கும் கம்பெனிகள் இடம் பிடித்துத் தருகின்றன, தேநீரும் பிஸ்கட்டும் தருகின்றன. இதை முழுக்கப் பரிகசிக்க நமக்கு மனமில்லை. ஒருவன் சிக்கலை இன்னொருவன் அவிழ்த்துக் கொடுக்கும் நல்ல வழக்கம் இந்தப் பிள்ளைகளிடம் இருக்கிறது. முகம் தெரியாத ஊர்க்காரன் கேட்ட கேள்விக்குத் தூக்கத்தை விட்டு உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள், ஒரு காசு வாங்காமல். அறுந்த நூலைப் பக்கத்து ஆள் ஒட்டிக்கொடுப்பது போல! உழைப்பாளிக்கே உரிய குணம் இது. ஆனால் தம்பியிடம் நாம் ஒன்று கேட்டோம்.

"அந்தக் கூட்டத்துல யாராவது எழுந்து, உனக்கு என்ன சம்பளம், எனக்கு என்ன சம்பளம்னு கேட்டதுண்டா?"

"ஐயோ அண்ணே! சம்பளத்தை வெளியில சொல்லக்கூடாதுன்னு வேலைக்குச் சேரறப்பவே கையெழுத்து வாங்கிருக்காங்க."

கவனியுங்கள்! உலகத்தார் சட்டைப்பையில் இருப்பதை எண்ணுவது இவன் வேலை. பக்கத்து நாற்காலிக்காரன் சம்பளத்தை மட்டும் இவன் எண்ணக்கூடாது. கூலியைப் பேசக்கூடாத கூட்டத்தை வேறு எந்தப் பெயராலும் அழைத்துக்கொள்ளட்டும். தொழிலாளர் கூட்டம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

இங்கே விவசாயத் தொழிலாளர் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பது நமக்குத் தெரிகிறது. போன வாரம் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது காப்பித் தோட்டத் தோழர் ஒருவர் வெடுக்கென்று கேட்டார்: "கணக்குப்பிள்ளைக்கு நாம எதுக்கு அழணும்? நம்ம வயித்துல அடிச்சவனே அவன்தானே?"

நியாயமான கோபம். தராசில் கால் விரலை வைத்தவனை யார் மறப்பார்கள்? இன்றைக்கும் எண்ணிக்கை நம் கழுத்தில்தான் விழுகிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் காலையும் பிற்பகலும் செல்போனில் படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயப்படுத்தியது. பழனி மலையில் எத்தனை கிராமத்தில் சிக்னல் கிடைக்கிறது? மண் வெட்டியது உண்மை, முதுகு வலிப்பது உண்மை, படம் ஏறவில்லை என்றால் அன்று நீ வரவில்லை! 2025 டிசம்பரில் அந்த 2005-ம் வருஷச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். மின்கணக்கு மட்டும் போகவில்லை. பஞ்சாலையிலும் இதே கதை. சில மில்களில் ஒவ்வொரு கதிருக்கும் கருவி மாட்டிவிட்டார்கள். நூல் எப்போது அறுந்தது, எத்தனை நிமிஷம் கழித்து ஒட்டினாய் என்று மேஸ்திரி பார்க்குமுன் திரை பார்க்கிறது. நீ ஏன் தாமதித்தாய், பஞ்சு மட்டமா, மாத விலக்கின் வலியா என்பது திரையில் விழாது.

கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளைக்கூட எண்ணுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று வரம்பு. மலை தாங்க வேண்டும், நல்லதுதான், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த வண்டிகளில் வருபவருக்கு அறை கூட்டி, துணி துவைத்து, காரட் கழுவி அனுப்பும் ஜனங்களுக்கு வண்டி குறைந்த வாரத்தில் எத்தனை நாள் கூலி போயிற்று? அதை யார் எண்ணுகிறார்கள்?

ஆக, எண்ணுவது அதிகாரம். ஆனால் தோழரே, அந்த அதிகாரம் எண்ணுகிறவன் கையிலா இருக்கிறது? பழைய கணக்குப்பிள்ளைக்குத் தோட்டத்தில் ஒரு வீடும், முதலாளியின் திண்ணையில் ஓரமாக ஒரு இடமும் இருந்தன. இந்தத் தம்பிக்கு என்ன இருக்கிறது? கூலி, நோட்டீஸ் வந்தால் அதுவும் இல்லை. அவனையும் ஒரு திரை எண்ணுகிறது: எப்போது கம்ப்யூட்டரைத் திறந்தான், எத்தனை நிமிஷம் கை நின்றது என்று. கதிருக்கு மாட்டிய கருவியும் அவன் மேஜைக்கு மாட்டிய கருவியும் ஒரே சாதி. நீங்கள் அவனை ஏசி அறைப் பையன் என்று இளக்காரம் பேசுவதும், அவன் உங்களைப் படிக்காத ஜனம் என்று நினைப்பதும் யாருக்கு லாபம்?

மறுநாள் காலை பஸ் கிளம்புமுன் தம்பியை வானாராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப்போனோம். உள்ளே விடும் நேரத்துக்கு இன்னும் நாழி இருந்தது. வேலி ஓரமாக நின்றே பேசினோம்.

கொடைக்கானல் என்றால் ஏரி, படகு, சாக்லேட் என்றுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கணக்குப் பிடிக்கும் தொழிலுக்கு இந்த மலையில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பஞ்சம் சூறையாடியது. லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அப்போது நிவாரண வேலை செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கணக்குப் போட்டான் ரிச்சர்டு டெம்பிள் துரை. மனிதன் எவ்வளவு குறைவாகத் தின்று மண் சுமக்க முடியும் என்கிற 'அனலிட்டிக்ஸ்' அது. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான், மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடப்பதற்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1899-ல் சென்னையிலிருந்த ஆராய்ச்சி நிலையம் இந்த மலைக்கு வந்தது. மிச்சி ஸ்மித் முதல் டைரக்டர். செத்துப்போன நம் பாட்டன்மாருடைய கணக்கில்தான் இந்தக் கட்டிடத்தின் அஸ்திவாரமே இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கே சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகத்துப் பாடப் புத்தகங்களில் அது எவர்ஷெட் விளைவு. கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் 1904 முதல் இந்த மலையில் மேகம் விலகிய நாளெல்லாம் சூரியனைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்து, கழுவி, தேதியிட்டு, அடுக்கி வைத்த உதவியாளர்களை யாருக்குத் தெரியும்? பாட்டன், தகப்பன், பேரன் என்று ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அந்த வேலையைப் பார்த்தவர்களும் உண்டு. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்பது யந்திரத்தின் பெயரே அல்ல; சம்பளத்துக்குக் கணக்குப் போடும் மனிதனின் உத்தியோகப் பெயர். ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி அந்த உத்தியோகத்தில்தான் நில அளவைத் துறையில் சேர்ந்தார். உலகத்தின் உயரமான சிகரத்தைக் கணித்தவர் அவர். சிகரத்துக்கு வைத்த பெயர் எவரெஸ்ட் துரையுடையது.

தம்பியிடம் நாம் சொன்னது வேறொன்று. அந்தக் கண்ணாடித் தகடுகளை இப்போது இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக மாற்றி வைத்திருக்கிறது. எந்த நாட்டு விஞ்ஞானியும் எடுத்து ஆராயலாம். நூறு வருஷத்துச் சூரியன் இப்படித் தொடர்ச்சியாகக் கிடைக்கும் இடம் உலகத்தில் அபூர்வம். எப்படிக் கிடைத்தது? 12 மாதச் சான்றிதழ் வைத்துக்கொண்டு வந்து போனவர்களாலா? நிரந்தர வேலை, மாதச் சம்பளம், பென்ஷன் என்று இருந்ததால் ஒருவன் இருபது முப்பது வருஷம் ஒரே வேலையில் ஊறி, தன் கைப்பக்குவத்தை அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுத்தான். கற்றுக்கொடுத்தால் தன் வேலை போய்விடும் என்ற பயம் அவனுக்கு இல்லை. உத்தியோக வளர்ச்சி என்று எதையாவது சொல்வதானால் நாம் அதைத்தான் சொல்லுவோம். பதிலிக்கு ஏது வளர்ச்சி?

நம் ஜனங்கள் தாங்களே எண்ணிய கதையும் இந்த ஊரில் இருக்கிறது. நாம் டீ குடித்த அதே மூஞ்சிக்கல். 2001 மார்ச்சில் அங்கே ஒரு பழைய சாமான் கடையில் 7.4 டன் கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டது; அதில் பாதரசம். ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வந்தது. ஊரும் சுற்றுச்சூழல் இயக்கத்தாரும் திரண்டார்கள், ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை என்று கம்பெனி சாதித்தது. அவர்களிடம் டாக்டர்கள், பதிவேடுகள், நிபுணர்கள். தொழிலாளர்களிடம் என்ன இருந்தது? யாருக்கு என்ன நோய், யார் எந்தப் பகுதியில் வேலை பார்த்தார், யார் இறந்தார் என்று தாங்களே சேர்த்த பட்டியல். சங்கம் கட்டினார்கள், 2006-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2016 மார்ச்சில் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆலை மூடி 15 வருஷம்! அதற்குள் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. இதை முழு வெற்றி என்று நாம் எழுதமாட்டோம். ஆனால் அந்தப் பட்டியல் மட்டும் இல்லாமலிருந்தால் கம்பெனியின் கணக்கே கணக்காகியிருக்கும்.

தம்பி கேட்டான்: "எங்களுக்கெல்லாம் சங்கம் வைக்கச் சட்டம் இடம் கொடுக்குதா அண்ணே? எச்.ஆர்.ல கிடையாதுன்னு சொல்றாங்களே."

அப்பட்டமான பொய். ஐ.டி. கம்பெனிகளுக்குத் தொழில் தகராறு சட்டத்திலிருந்து விலக்கில்லை, ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. யுனைட் என்ற ஐ.டி. ஊழியர் சங்கம் தமிழ்நாட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தத் தொழில் தகராறு சட்டமே 2025 நவம்பர் 21 முதல் போய்விட்டது. அதன் இடத்தில் வந்திருக்கும் தொழில் உறவுத் தொகுப்பில், 300 பேருக்குக் குறைவான ஆலை ஆட்குறைப்புச் செய்ய அரசிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முன்பு அந்த வரம்பு 100. வேடசந்தூர் வட்டாரத்தில் 300 பேருக்குக் கீழே வேலை செய்யும் மில்களை ஒரு நிமிஷம் மனதில் எண்ணிப் பாருங்கள். இது மகனுக்கு மட்டும் வந்த ஆபத்தா, தகப்பனுக்கும் வந்ததா என்று தெரியும். ஆனாலும் சங்கம் வைக்கும் உரிமை போகவில்லை. கடல் தாண்டியும் இதே வேலை நடக்கிறது. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் நைரோபியில், அமெரிக்கக் கம்பெனிகளுக்காக மாய்ந்து மாய்ந்து படங்களையும் எழுத்துக்களையும் தரம் பிரிக்கும் தொழிலாளர்கள் 150 பேருக்கு மேல் 2023 மே தினத்தன்று கூடி, சங்கம் அமைப்பதென்று வாக்களித்தார்கள். அவர்களும் திரைக்கு முன்னால் உட்காருகிற பிள்ளைகள்தான்.

பஸ் ஹாரன் அடித்தது, தம்பி ஓடினான். பிரசங்கியின் படம் போட்ட பனியன் முதுகில் குடும்பம் என்று எழுதியிருந்தது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். ஏழு வாரம் கழித்துத் தம்பியை ஒரு அறைக்குள் கூப்பிட்டு, ராஜினாமா எழுதிக்கொடுத்தால் நல்ல பெயரோடு போகலாம் என்றார்களாம். அரை மணி நேரம் அவகாசம். குடும்பத்தில் பாகம் பிரித்த விதம் அது! பாத்திரம் தேய்த்த அம்மாளிடம் சொன்னோம். "த்சொ" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. (அவர்களுடைய சம்பளப் பாக்கியில் ஒரு மாதம் வந்துவிட்டது. இன்னொரு மாதத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.)

தம்பி கையெழுத்துப் போடாமல் வெளியே வந்து ஐ.டி. ஊழியர் சங்கத்தைப் பார்த்திருக்கிறான். வழக்கு நடக்கிறது. இடையில் ஊருக்கு வந்தவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வத்தலக்குண்டு ஆபீசுக்கு வருகிறான். நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் தாங்களாகவே நோட்டில் எழுதி வைத்த நாட்களையும், சர்க்கார் கணக்கில் ஏறிய நாட்களையும் ஊர் ஊராகச் சேர்த்து ஒப்பிட்டுக் கொண்டிருக்கிறான். சிலருக்கு எழுதத் தெரியாது. கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடுகளை எண்ணுவதற்கு முதல் நாள் அவனுக்குக் கொஞ்சம் தடுமாற்றமாக இருந்தது. நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று ஒரு பாட்டி கற்றுக்கொடுத்தார்.

பண்ணைக்காட்டிலிருந்து இரண்டு நோட்டு இன்னும் வரவில்லை. ஒன்று மழையில் நனைந்துவிட்டதாம். நனைந்தாலும் பரவாயில்லை, உலர்த்திக் கொண்டுவாருங்கள், தெரிகிற வரைக்கும் எழுதிக்கொள்வோம் என்று சொல்லியனுப்பியிருக்கிறோம்.